வெண்ணெய்நல்லூர் வழக்கு

தடுத்தாட்கொண்ட புராணத்தைப் பக்திக் கதையாகப் படிப்போர் பலர். வழக்காகப் படிப்போர் சிலரே. முதியவர் மணத்தைத் தடுத்தார், நம்பியாரூரர் ஓலையைக் கிழித்தார், முதியவர் கோயிலுள் மறைந்தார் என்ற மூன்றோடு வகுப்பறைப் பாடம் முடிந்துவிடுகிறது. இடையில் நடந்த விசாரணை கைநழுவிப் போகிறது. சேக்கிழாரின் திறம் விளங்குவதோ அவ்விடத்திலேதான்.

அவர் காட்டும் முறையை நோக்குக. வாதி தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்கிறார். அந்தணர் அடிமையாதல் உலகில் இல்லையே என்று அவையினர் வழக்கின் அடிப்படையையே முதலில் வினவுகின்றனர். ஆயினும், ஓலையைக் கிழித்ததனால் வழக்கு அற்றுப்போயிற்று என்றும் அவர்கள் கொள்ளவில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றனுள் ஒன்றைக் காட்டுக என்கின்றனர். கிழிபட்டது படியோலையே, மூலவோலை முதியவரிடம் இருக்கிறது. அதைக் கரணத்தான் வாசிக்கிறான். சாட்சிகளின் எழுத்து தெளியப்படுகிறது. பாட்டனாரின் கையெழுத்து, காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு ஒப்பு நோக்கப்படுகிறது. அதன் பின்னரே தீர்ப்பு. வந்தவர் இறைவனே, எனினும் சான்று காட்டும் கடமையிலிருந்து சேக்கிழார் அவரை விடுவிக்கவில்லை. இப்பகுதியின் உயிர்நிலை இதுவே.

இதன் பயன் பழமையோடு நின்றுவிடுவதன்று. 1977-இல் ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பாசிர் கூடாங்கைப் போன்ற தொழில் நகரில், கைமாற்றுக் கடனும் வாடகை முன்பணமும் வாய்ச்சொல்லை நம்பிக் கைமாறுவதுண்டு. 'இச்சிறு தொகைக்கு வழக்கா?' என்று பலர் விட்டுவிடுவர். மலேசியாவின் 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 93-ஆம் கட்டளை இவர்களுக்கு வழி வகுத்துள்ளது. 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத கோரிக்கையை ஒருவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 198-ஆம் படிவத்தின் வழித் தொடுக்கலாம். வாதி வழக்கறிஞரை அமர்த்த இயலாது. வெண்ணெய்நல்லூர் முதியவரைப் போலத் தாமே பேசவேண்டும். படிவம் சார்வு செய்யப்பட்டபின் எதிரி 14 நாட்களுக்குள் மறுமொழி தரவேண்டும். கடையில் வாங்கிய பொருளில் பழுது எனில், 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் உண்டு. அங்குக் கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கையின் வரம்பு 50,000 ரிங்கிட்.

வேறுபாடு ஒன்றே. ஒப்பு நோக்குதற்குரிய பழைய ஓலை அன்று காப்பில் கிடைத்தது. இன்று அக்காப்பு வாதியின் வீட்டிலேயே இருத்தல் வேண்டும். பற்றுச்சீட்டு, வங்கிக் கணக்குத்தாள், கைப்பேசிச் செய்தி ஆகியவையே அவருடைய மூலவோலை. நகலைக் கொடுத்து மூலத்தைக் காத்துக்கொள்வதே அறிவுடைமை.

ஆகவே இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர், முதியவரின் வழக்கை அரைப்பக்க மனுவாக எழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம். யார்மீது, எதற்காக, எப்போது, என்ன சான்று என்னும் நான்கும் அதில் அடங்கவேண்டும். அவ்வாறு எழுதிப் பழகிய பிள்ளை, மலாய்ப் படிவத்தை நிரப்பத் தயங்கும் தந்தையின் அருகில் அமர்ந்து துணைசெய்யும்.