யாழ்ப்பாணப் பொது நூலகம்: புனரமைப்புப் பற்றிய ஒரு மதிப்பீடு

சிறு நகரமொன்றின் பொதுக் கட்டடத்தை ஆராயப் புகுவோர் அதன் அழகை மட்டும் நோக்குதல் சாலாது. பெருநகரில் ஒரு மண்டபம் பழுதுற்றால் மக்கள் பிறிதொன்றை நாடுவர். சிறு நகரிலோ அத்தகையது பெரும்பாலும் ஒன்றே இருக்கும். ஆதலின் அதனை வகுப்போரும் புதுப்பிப்போரும் நகர மக்களின் தேவை, நினைவு ஆகிய இரண்டுக்கும் பொறுப்புடையராகின்றனர். இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தை மதிப்பிடுதல் பொருத்தமுடைத்து.

இந்நூலகம் அரசின் ஆணையாற் பிறந்ததன்று. 1933 இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்திலிருந்து நூல்களை இரவல் வழங்கிய சிறு முயற்சியே அதன் வித்தாகும். அடுத்த ஆண்டில் அது வாடகை அறையொன்றிற்கு மாறியது. பின்னர் ஊரவர் ஆதரவால் வளர்ந்தது. நிலையான கட்டடத்துக்குச் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் வகுத்தார். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை நல்கினார். 1959 இல் முதற் கட்டம் நிறைவெய்தித் திறந்துவைக்கப்பெற்றது.

நடுவே குவிமாடமும் இருமருங்கும் நீண்ட பகுதிகளும் முன்றலிற் கலைமகள் சிலையும் கொண்ட இவ்வமைப்பு, தென்னிந்திய மரபைத் தழுவியது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலிருந்து முகிழ்த்ததன்று. உள்முற்றமும் திண்ணையும் தரும் அணுக்கம் இதன்பால் இல்லையெனக் குறைகூற இடமுண்டு. ஆயினும், ஒரு பொதுக் கட்டடம் எம்மரபிலிருந்து வந்தது என்பதினும் எவர்க்குப் பயன்பட்டது என்பதே பெரிது. மாணவரும் ஆசிரியரும் பத்திரிகை படிக்க வந்த முதியோரும் ஏறி இறங்கிய படிகளே அதனை ஊரின் உடைமையாக்கின.

1981 மே 31 ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயலின்போது, பொலிசாரும் உட்பட்ட கும்பலொன்றினால் அது தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. 1984 அளவில் ஓரளவு புதுப்பிக்கப்பெற்ற கட்டடம் தொடர்ந்த போரினால் மீண்டும் சிதைந்தது. 1998 இல் தொடங்கிய புனரமைப்பின் பயனாக 2003 இல் அது மறுபடியும் வாசகர்க்குத் திறக்கப்பட்டது.

இப்புனரமைப்பையொட்டி இரு கருத்துகள் மோதின. எரிந்த கட்டடத்தை அவ்வாறே நினைவுச் சின்னமாக விடவேண்டும் என்றனர் ஒரு சாரார். பழைய வடிவிலேயே மீள எழுப்பவேண்டும் என்றனர் மறு சாரார். பின்னையதே நிறைவேறியது. வாசிப்பைத் தன் வாழ்வாகக் கொண்ட நகரம் தன் நூலகத்தைச் சிதைவாகவே வைத்திருத்தல் இயலாது. இவ்வகையில் அம்முடிவு தக்கதே.

எனினும் முந்தைய கருத்தின் வலிமையை மறுத்தலும் நேர்மையாகாது. வெண்மையுற விளங்கும் இன்றைய முகப்பிற் பழைய வடு எதுவும் இல்லை. வரலாறறியாத வழிப்போக்கன் 1959 இற் கட்டியது இடையூறின்றி நிலைத்தது என்றே எண்ணுவான். குவிமாடம் மீண்டது, சுவடிகள் மீளவில்லை. இவ்விழப்பைக் கட்டடத்தின் முகம் சொல்லாதிருப்பதே புனரமைப்பின் குறையாகும்.

பயனும் சாட்சியமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1940 இற் குண்டுவீச்சாற் சிதைந்த பேராலயத்தின் சுவர்களை அகற்றாது விட்டு, அவற்றின் அருகே பசில் ஸ்பென்ஸ் வகுத்த புதிய ஆலயம் 1962 இற் புனிதப்படுத்தப்பட்டது. வழிபாடு புதியதில் நடைபெறுகின்றது. பழைய சுவர்கள் நிகழ்ந்ததைக் கூறுகின்றன. யாழ்ப்பாண நூலகத்திலும் கரி படிந்த ஒரு சுவரோ தூணோ முகப்பிற் பூச்சின்றி விடப்பட்டிருப்பின், வாசகர்க்கு இடையூறு நேர்ந்திராது, வரலாறும் மறைந்திராது.

போரினாற் சிதைந்த வேறு நகரங்களின் மண்டபங்களையும் சந்தைகளையும் புதுப்பிப்போர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். எதனை மீள எழுப்புவது என்பதோடு எதனைத் தொடாது விடுவது என்பதும் வரைபடத்தில் இடம்பெறவேண்டிய வினாவாகும். அவ்வினாவுக்கு விடைகூறும் உரிமை, அக்கட்டடத்தின் படிகளை நாடோறும் மிதிக்கும் மக்களுக்கே முதன்மையாக உரியது.