பச்சை ரத்தம், காசு கொடுத்து வாங்கிய குண்டு

2021 ஜூலையில் பப்ஜி மொபைல், ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்று பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது அதில் ரத்தம் பச்சையாக இருந்தது. ‘கில்’ என்று வந்துகொண்டிருந்த இடத்தில் ‘ஃபினிஷ்’ என்று வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் போன் நம்பர் கொடுக்கணும், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆட முடியாது என்றார்கள்.

நேர வரம்பு நியாயமானது, அதை விட்டுவிடலாம். பச்சை ரத்தத்தைத்தான் கொஞ்சம் கிண்டிப் பார்க்கணும்னு தோணுது. ஒரு விளையாட்டின் வன்முறை கண்ணுக்குத் தெரிவதில் இருக்கிறது, நிறத்தை மாற்றினால் ஆடுகிறவனின் அனுபவமும் மாறிவிடும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. ஓமந்தூரில் என் சித்தி பையனும் அவன் கூட்டாளிகளும் பழைய பப்ஜியும் ஆடியவர்கள், பிஜிஎம்ஐயும் ஆடியவர்கள். ரத்தம் நிறம் மாறியதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதே இல்லை. எந்தத் துப்பாக்கி எவ்வளவு உதறுது, தூரத்தில் ஓடுகிறவனுக்கு எவ்வளவு முன்னாடி குறி வைக்கணும், யார் நாக் ஆனான், யார் ரிவைவ் பண்ண வரலை, பேச்சு முழுக்க இதுதான். அதாவது சண்டையின் விதிகள். அடி எப்படி விழுகிறது, எங்கே ஒளியலாம், விழுந்தவனுக்கு என்ன ஆகிறது, எழுந்துகொள்ள எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பவை.

விதிகளே அனுபவத்தை உண்டாக்கும் என்பதைப் புரிந்துகொள்ள போன்கூட வேண்டாம், ஆடுபுலி ஆட்டம் போதும். மூன்று புலி, பதினைந்து ஆடு. பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டிவிடும். ஆடுகளால் யாரையும் வெட்ட முடியாது. புலிகள் நகர வழியில்லாமல் அடைப்பதுதான் அவற்றுக்கு வெற்றி. பதினைந்தும் இறங்கி முடியும்வரை, வைத்த ஆட்டை நகர்த்தவும் கூடாது. தரையில் கட்டிக்கோடு, கையில் புளியங்கொட்டை, அவ்வளவுதான். ஆனா புலிப் பக்கம் உட்கார்ந்தவனுக்குக் கை பரபரவென்று இருக்கும். அதே ஆள் அடுத்த ஆட்டத்தில் ஆட்டுப் பக்கம் உட்கார்ந்தால், ஒவ்வொரு காயையும் இன்னொரு காய்க்கு முதுகு கொடுத்து வைப்பான். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, எந்த நிறத்திலும்.

இப்போ பிஜிஎம்ஐக்கு வருவோம். நாலு பேர் கொண்ட ஸ்குவாடில் அடிபட்டவன் உடனே சாவதில்லை. தவழ ஆரம்பிப்பான், உயிர் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். கூட்டாளி ஒருத்தன் பக்கத்தில் வந்து சில நொடிகள் அசையாமல் இருந்தால் எழுப்பிவிடலாம். அந்த நொடிகளில் எழுப்புகிறவனால் சுட முடியாது. விசுவாசம், பயம், வாரக்கணக்கில் ஓடும் சண்டை எல்லாமே இந்த ஒரு விதியில்தான் பிறக்குது. ‘அன்னிக்கு நீ வரலல்ல’ என்ற பேச்சை நான் டீக்கடை வாசலில் கேட்டிருக்கேன். அவ்வளவு நிஜமான மனத்தாங்கல்.

எதிர் அணிக்கும் இந்த விதி தெரியும். அதனால் கெட்டிக்காரன் நாக் ஆனவனை உடனே முடிக்க மாட்டான். தவழவிட்டு, காப்பாற்ற வருகிறவனுக்காகக் காத்திருப்பான். விழுந்தவன் தூண்டில் புழு ஆகிவிடுகிறான். இந்த விளையாட்டிலேயே கொடூரமான காரியம் எதுன்னு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். இது பழைய பப்ஜியில் எப்படி இருந்ததோ அப்படியே பிஜிஎம்ஐக்கும் வந்தது. அதே நேரம், குண்டு பறக்கும்போது புகைக்குண்டு வீசிக்கொண்டு ஒருத்தன் ஓடி வருவதும் இதே விதியால்தான். கொடூரத்தை எடுக்கணும்னா அந்த ஓட்டத்தையும் சேர்த்துத்தான் எடுக்கணும்.

சோலோ ஆட்டத்தில் நாக் கிடையாது, உயிர் தீர்ந்தால் நேராக லாபிதான். அதே துப்பாக்கி, அதே எராங்கெல் மேப். ஆனால் ஸ்குவாடில் தொண்டை கிழியக் கத்துகிற பையன் சோலோவில் வாயைத் திறக்க மாட்டான், புல்லுக்குள் படுத்தே கிடப்பான்.

ஃப்ரீ ஃபயர் வேறு கதை. பப்ஜியில் 100 பேர், ஒரு ஆட்டம் அரை மணி நேரம் வரை போகும். இங்கே 50 பேர், பத்து நிமிஷத்துக்குப் பக்கம். விலை குறைந்த போனிலும் ஓடும். பப்ஜியில் இருபது நிமிஷம் வீடு வீடாகப் பொருள் பொறுக்கிய பிறகு சாவது வலிக்கும், அதனால் சண்டையைத் தள்ளிப்போடுவார்கள். ஃப்ரீ ஃபயரில் செத்தால் போவது சில நிமிஷம்தான், அதனால் நேராக ரஷ். குறியும் எதிரியை நோக்கித் தானாகக் கொஞ்சம் இழுபடும். குறி பார்க்கும் திறமைக்கு மதிப்பு குறைந்து, குதிப்பது, விலகுவது, நேரம் பார்ப்பது என்று திறமை வேறு பக்கம் போகிறது. சிக்னல் ஒரு கட்டைக்கு இறங்கி பிங் சிவப்பாகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

எனக்குப் பிடித்தது க்ளூ வால். கையில் இருப்பதை வீசினால் கண் இமைப்பதற்குள் எதிரே ஒரு சுவர் முளைக்கும். பப்ஜியில் மறைவு இருக்கும் இடத்துக்கு நாம்தான் போகணும். மரம், பாறை, மேடு. வெட்டவெளியில் மாட்டினால் கதை முடிஞ்சுது. ஆகவே பப்ஜி ஆடுகிறவன் நிலத்தைப் படிக்கப் பழகுகிறான், எந்த வரப்புக்குப் பின்னால் ஆள் படுக்கலாம் என்று கணக்குப் போடுகிறான். ஃப்ரீ ஃபயர் ஆடுகிறவனுக்குச் சுவர் பைக்குள்ளேயே இருக்கிறது, நிலம் வெறும் தரையாகிவிடுகிறது. ஆனால் நீ ஒரு சுவர் வைக்க, அவன் ஒன்று வைக்க, நீ சுற்றிப் போக, அவன் வழியை அடைக்க என்று நடக்கும் அந்தச் சண்டை எனக்கு ஆடுபுலியைத்தான் ஞாபகப்படுத்துது. பப்ஜிக்காரர்கள் ஃப்ரீ ஃபயரை ‘சின்னப் பசங்க கேம்’ என்று கேலி செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒப்புக்கொள்ள முடியாதது வேறொன்று. பிஜிஎம்ஐயில் துப்பாக்கிக்கு ஸ்கின் வாங்கினால் அது அழகுக்கு மட்டும்தான், அடியின் அளவு மாறாது. ஃப்ரீ ஃபயரில் ஸ்கினுக்கே குணம் உண்டு. ஒன்று அடியைக் கூட்டும், ஒன்று சுடும் வேகத்தைக் கூட்டும். அலோக் மாதிரி ஒரு கதாபாத்திரம் இருந்தால், தன்னைச் சுற்றி நிற்பவர்களுக்கு உயிர் ஏற்றிவிடலாம். இதெல்லாம் டைமண்டில் போய் நிற்கும், டைமண்ட் காசில் போய் நிற்கும். எதிரே இருப்பவனின் குண்டு ஏன் என் குண்டைவிடக் கனமாக விழுது என்று ஒரு பையன் யோசிக்கும்போது, கையில் காசு இல்லாததுதான் அதற்குப் பதிலில் பாதி. வீட்டுக்குத் தெரியாமல் ரீசார்ஜ் பண்ணிவிட்டு அடி வாங்கிய பையன்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை ஆசை என்கிறார்கள், பழக்கம் என்கிறார்கள். சண்டை விதிக்குள்ளேயே கடை திறந்து வைத்திருப்பதை யாரும் சொல்லக் காணோம்.

2020 செப்டம்பரில் 118 செயலிகளோடு பப்ஜி தடை செய்யப்பட்டது. 2022 பிப்ரவரியில் 54 செயலிகளோடு ஃப்ரீ ஃபயர். இரண்டு முறையும் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு, தகவல் திருட்டு. ஃப்ரீ ஃபயர் போனாலும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ப்ளே ஸ்டோரில் இருந்தது. பழைய அக்கவுண்ட், பழைய ஸ்கின், பழைய கனத்த குண்டு. கூடுதலாகத் தேவைப்பட்டது இன்னும் கொஞ்சம் நல்ல போன்.

பையன்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கஸ்டம் ரூம் போட்டால் சில விதிகளை ஆடுகிறவர்களே தேர்ந்தெடுக்கலாம். ஊருக்குள் ஒருத்தனுக்கும் இன்னொருத்தனுக்கும் பந்தயம் என்று வந்தால் முதலில் ‘கன் ஆட்ரிபியூட்’டை அணைக்கிறார்கள், அடுத்து கதாபாத்திரத்தின் ஸ்கில். அப்புறம்தான் மேப் எதுன்னு பேசுறாங்க. அணைக்காமல் ஜெயித்தால் அந்த ஜெயிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லையாம்.