லயத்துத் தெய்வங்களும் மலையக இலக்கியமும்: திம்புள்ளப் பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

மலையக இலக்கியம் குறித்து இதுகாறும் வெளிவந்த விமரிசனங்களை ஒருசேர வைத்து நோக்குவோர்க்கு ஓர் இடைவெளி புலப்படாதிருக்க முடியாது. பிரசாவுரிமை, ஊதியம், கங்காணியின் கொடுமை, துரையின் அதிகாரம், தொழிற்சங்கத்தின் எழுச்சியும் தேய்வும் ஆகியன நுணுகி ஆராயப்பட்டுள்ளன. ஆனால் அம்மக்கள் யாரைக் கும்பிட்டனர், எவரோடு கொண்டு கொடுத்தனர், இறந்தோரை எங்கே புதைத்தனர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் பின்னிணைப்பு நிலையிலேயே நின்றுவிடுகின்றன. முற்போக்கு விமரிசகர் சிலர் இவற்றை ‘மூடநம்பிக்கை’ என ஒரே சொல்லில் ஒதுக்குவர். மற்றொரு சாரார் ‘மண்வாசனை’ எனப் போற்றுவர். (இப்பிந்திய சொல்லுக்குச் சில காலம் ஓய்வு கொடுத்தல் எல்லோர்க்கும் நலம்.) இரு சாராரும் அந்நம்பிக்கையை உழைப்பிலிருந்து பிரித்தே காண்கின்றனர். லயத்து வழிபாடு தேயிலை உற்பத்தி முறையின் உள்ளேயே உருப்பெற்றது. அதனை அவ்வாறு எழுதிக்காட்டுவதிலேயே எமது புனைகதை பெரிதும் பின்தங்கியுள்ளது. இதனையே ஈண்டு எடுத்துரைக்க முயல்கிறோம்.

திம்புள்ளவைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, பத்தனை, கொட்டகலை என விரியும் இப்பள்ளத்தாக்கு முதலிற் கோப்பிக்காகவே வெட்டித் திறக்கப்பட்டது. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மக்கள் தனித்தனி ஆட்களாக இங்கு வந்து சேரவில்லை. கங்காணியின் பின்னே உறவினராகவும் ஒரே ஊராராகவும் சாதிக் குழுவினராகவும் வந்தனர். அவர்களுடைய தெய்வமும் அக்குழுவோடு, அக்கடனோடு வந்தது. மலையக எழுத்தின் முன்னோடியான சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) பிறந்தது இப்பகுதியின் மடக்கொம்பரைத் தோட்டத்திலாகும். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவரும் அவரே. அடுத்த ஆண்டு நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிவுசெய்த மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று.

தோட்டத்துத் தெய்வங்களுள் மாரியம்மனும் மதுரைவீரனும் முனியாண்டியும் தாயகத்திலிருந்து வந்தவர்கள். ரோதைமுனியோ அவ்வாறு வந்தவரல்லர். ரோதை என்பது தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரம். அதன் அருகில் நிற்கும் முனி, கொழுந்தை அரைக்கும் இயந்திரம் மனிதக் கையையும் சேர்த்து அரைத்துவிடாதிருக்கக் காப்பவர். கவ்வாத்துச்சாமியும் இத்தகையவரே. செடியின் தலையை வெட்டிச் சீர்செய்யும் கவ்வாத்து வேலை கூரிய கத்தியோடு செங்குத்தான சரிவில் நின்று செய்வது. அது தொடங்குமுன் அவருக்குச் சேவல் அறுபடும். தமிழ்நாட்டின் எந்த ஊர்க்கோயிலிலும் இவ்விரு தெய்வங்களுக்கு இடமிராது. தொழிற்சாலையும் மலைச்சரிவும் பெற்ற தெய்வங்கள் இவை. காப்பு ஏற்பாடுகள் அற்ற தொழிற்களத்திலே, விபத்துக்கு நட்டஈடு கேட்கும் வலுவற்ற ஒருவன் முனியிடம் செய்துகொள்ளும் உடன்படிக்கை அந்தச் சேவலாகும். சமயத்தை அபின் என்று மார்க்ஸ் கூறியதை மேற்கோளாக எடுத்தாள்வோர், அதே பந்தியில் சமயத் துயரினை உண்மைத் துயரின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான முறையீடாகவும் அவர் கண்டதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். ரோதைமுனியின் முன் நிற்கையில் அவ்விடுபட்ட பகுதியே எமக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது.

எனினும் முறையீடு என்னும் சொல்லிலே நாம் மயங்கிவிடலாகாது. கோயில் நின்ற நிலம் தோட்டத்தினுடையது. திருவிழாவுக்கு நாள் குறிக்கத் துரையின் இசைவு வேண்டும். ஊர்வலத்துக்கு விடுமுறை அவர் தரவேண்டும். கோயிற் சந்தா, சலவைத் தொழிலாளிக்கும் நாவிதருக்கும் உரிய பிடிப்புகளைப் போலவே, செக்ரோல் வழியாகச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. அம்மனுக்குரிய காணிக்கை தோட்டக் கந்தோரின் கணக்கு வழியாகவே அவளைச் சென்றடைந்தது! திருவிழாவின் முதல் மரியாதை துரைக்கு, அடுத்தது பெரிய கங்காணிக்கு. பிற்காலத்தில் அவ்விடத்துக்குத் தொழிற்சங்கத் தலைவர் வந்து சேர்ந்தார். மூன்று தோட்டங்களை ஆராய்ந்து ஆர். ஜெயராமன் 1975இல் வெளியிட்ட நூல், ஒரே மலையில் ஒரே கூலிக்கு உழைத்த மக்களிடையே சாதி எவ்வாறு மணவுறவிலும் சடங்கிலும் தொடர்ந்து நிலைபெற்றது என்பதைக் காட்டுகிறது. பெரட்டுக்களத்தில் மங்கிய பிரிவினை, தேர்வடத்தைத் தொடும் உரிமையிலே மீண்டும் கூர்மை பெற்றது. தப்பு அடிப்போரின் நிலை இதற்குச் சான்று. அவர்களின்றித் திருவிழாவும் இல்லை, சாவும் இல்லை. அவர்கள் நின்ற இடமோ கோயிலின் வெளிப்புறம்.

கடல்கடந்து உழைத்த பிறிதொரு சமூகத்தோடு இதனை ஒப்புநோக்குதல் பயனுடையது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மர ஆலைகளிலும் கலிபோர்னியாவின் வயல்களிலும் கூலி வேலை செய்த பஞ்சாபியச் சீக்கியர் 1908இல் வன்கூவரிலும் 1912இல் ஸ்டொக்டனிலும் குருத்துவாராக்களை நிறுவினர். குடிவரவுச் சட்டங்களால் மனைவி மக்களை அழைத்துவர இயலாதிருந்த ஆண்களுக்கு அங்குள்ள பொதுச் சமையற்கூடமே குடும்பமாயிற்று. 1913இல் தோன்றிய கதர் இயக்கத்துக்கு ஸ்டொக்டன் குருத்துவாரா பெருந்துணையாக நின்றது. சீக்கிய சமயத்தின் வீரமரபினால் மட்டும் இதனை விளக்க முனைவோர் பாதியையே காண்கின்றனர். அவர்கள் கங்காணிக் கடனிற் கட்டுண்டு வந்தவரல்லர். குருத்துவாரா அவர்களது சேமிப்பில் எழுந்தது, அதன் நிருவாகமும் அவர்கள் கையிலேயே இருந்தது. முதலாளியின் நிலத்தில் முதலாளியின் இசைவோடு நின்ற கோயில் அத்தகைய பாசறையாவது எளிதன்று. அங்கும் சாதி மறைந்துவிடவில்லை என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும்: பிரித்தானியாவிற் பின்னர் ராம்காரியருக்கும் ரவிதாசியருக்கும் தனித்தனி வழிபாட்டிடங்கள் எழுந்தன. இங்கு வெளியார் தோட்டத்துள் நுழைவதே குற்றமாயிருந்த காலத்தில், கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குச் சென்றார் என்று கூறப்படுகிறது. அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளோ மக்கள் அறிந்த மெட்டுகளிற் பாடல் கட்டி அரசியல் பேசினார். நிலம் தமக்குரியதாக இல்லாத மக்களிடம் ஓசை இருந்தது. அவ்வோசையினூடாகவே இயக்கம் உட்புகுந்தது.

இந்த ஓசையின் பெருவடிவமாகக் காமன் கூத்தினைக் கொள்ளலாம். மாசி அமாவாசைக்குப் பின் பிறை கண்டு கம்பம் ஊன்றப்படுகிறது. ரதியும் மன்மதனும் வேடம் புனைந்து, தப்பின் அடிக்கு ஆடி, லயம் லயமாகச் செல்கின்றனர். இறுதி இரவில் சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள், பின்னர் அவன் எழுகிறான். மாசி மாதம் திம்புள்ளவில் வறண்ட குளிர்காலம். கொழுந்து குறைவாகவே வரும், ஆயினும் அவ்வாண்டின் உயர்ந்த தரத் தேயிலை விளைவது அப்பருவத்திலேதான். சித்திரை மழையோடு கொழுந்து பெருகிவிட்டால் இரவு முழுதும் விழித்திருக்க எவரால் முடியும்? தாயகத்து வேளாண் நாட்காட்டியில் வேரூன்றிய ஒரு விழா, தேயிலையின் நாட்காட்டியோடும் இவ்வாறு இசைந்துகொண்டது.

காமனை எரிக்கும் சிவனைத் துரையாகவும் காமனைத் தொழிலாளியாகவும் உருவகப்படுத்தும் வியாக்கியானம் எமக்கு உடன்பாடானதன்று. அவ்வாறு கொண்டால் கூத்தர் வணங்கும் சிவனையே நாம் அவர்களுக்கு அந்நியனாக்கிவிடுவோம். கவனிக்கவேண்டியது கூத்தின் அமைப்பாகும். ஏறத்தாழ இரு வாரம் துரையோ கணக்கப்பிள்ளையோ பெயர் பதியாத ஓர் உழைப்பிலே இளைஞர் ஈடுபடுகின்றனர். லயத்துக் குடும்பங்கள் அவர்களுக்குச் சோறிடுகின்றன. பயிற்றுவிப்பவர் தோட்டத்து முதியவர். பகலெல்லாம் நிறுத்தும் எண்ணியும் பெறப்படும் உடல், இரவில் எந்த நிறுவைக்கும் உட்படாமல் ஆடுகிறது. விடியுமுன் பெரட்டுக்கு எழுப்பிய தப்பே இவ்விரவில் ரதியையும் ஆட்டுவிக்கிறது. பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் பேமிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் பயின்று, சடங்கிலிருந்து கலை தோன்றும் வழியைப் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் வைத்து விளக்கினர். அம்முறையியல் காமன்பொட்டலுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. மாத்தளை வடிவேலன் போன்றோர் மலையகக் கலைகளையும் வழிபாட்டையும் அரிதின் முயன்று பதிந்துள்ளனர். அப்பதிவுகளைப் பகுப்பாய்வாக வளர்க்கும் கடன் எமக்குரியது.

ரதியின் புலம்பல் 1964க்குப் பின் வேறொரு பொருளையும் பெற்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மீதி 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பெற்றோருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மணமான மகளுக்கு இலங்கைப் பிரசாவுரிமை என ஒரே காம்பராவுக்குள் எல்லைக்கோடு விழுந்தது. கொண்டு கொடுக்கும் உறவே பாதுகாப்பாக இருந்த சமூகத்திலே, மாமன் மகனுக்கு எந்த நாட்டுச் சீட்டு என்பது திருமணப் பேச்சின் முதல் வினாவாயிற்று. தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். சாவு வீட்டுக்குரிய வடிவம் உயிரோடு பிரிவோருக்கும் பொருந்திற்று. மு. சிவலிங்கம் அதனைத் தம் நூலுக்குத் தலைப்பாக்கியமை பொருத்தமே. சென்றவருட் பலர் நீலகிரியிலே கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலைச் செடியின் முன்னேயே நின்றனர். அங்கு அவர்களுக்கு வழங்கிய பெயர் ‘சிலோன்காரர்’.

இப்பின்னணியில் எமது புனைகதையை நோக்குவோம். இலங்கையை நேரிற் காணாத புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் தோட்டத்தை ஒரு நரகமாகக் கண்டார், அந்நோக்கு நெடுங்காலம் நிலைத்தது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) தோட்ட வாழ்வைக் குடும்பத்தின் வழியாக அணுகியமையால் வீட்டினுள் நுழைய முடிந்தது. சி.வி.யின் ‘வீடற்றவன்’ (1981) தொழிற்சங்கப் போராட்டத்தை மையமாகக் கொண்டது. வேலையை இழந்தவன் காம்பராவையும் இழப்பான் என்னும் உண்மை அதன் தலைப்பிலேயே உண்டு. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ எமது நோக்கிற் சிறப்பிடம் பெறுவது. பெண்ணின் மானம் நிறுவைத் தராசிலே தொங்குவதை அவர் கண்டார். உழைப்பையும் உணர்வையும் பிரிக்காமற் காட்டிய அதே கண் கோயிற் படியிலும் வேண்டும். பெரும்பாலான கதைகளிலே திருவிழா காதலர் சந்திக்கும் களமாகவோ, கங்காணி குடித்து ஆடும் காட்சியாகவோ வந்து போகின்றது. தீச்சட்டி ஏந்தும் பெண் எதை வேண்டினாள், அன்றைய ‘பேர்’ அவளுக்கு விழுந்ததா, அரைப்பேராயிற்றா என ஒருங்கே கேட்கும் கதை அரிது. அருள் வந்து ஆடும் பெண்ணின் சொல்லுக்குக் கணவனும் கங்காணியும் செவிசாய்க்கும் அச்சில நிமிடங்கள், ஆணாதிக்கம் தளரும் கணங்களா, அதன் ஒழுங்குக்குட்பட்ட விதிவிலக்கா? ஒரு நாவலுக்குரிய வினா இது.

இத்துறையிலும் வழிகாட்டியவர் சி.வி.யே. ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1983) என்னும் தொகுப்பிலே தாலாட்டும் ஒப்பாரியும் வெறும் இலக்கிய வகைகளாக ஒடுங்கிவிடவில்லை. 1954இல் வெளிவந்த அவரது ஆங்கில நெடுங்கவிதை தேயிலையின் அடியில் நினைவுச் சின்னமின்றிக் கிடக்கும் முன்னோரைப் பேசுகிறது. முன்னோர் வழிபாட்டைத் தன் சமயத்தின் அடித்தளமாகக் கொண்ட ஒரு மக்களுக்கு, புதைகுழியின் மேல் செடி நடப்படுவது எத்தகைய இழப்பு என்பதைப் பொருளாதாரக் கணக்கு மட்டும் சொல்லாது. இதே பகுதியின் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகள் பிரித்தெடுக்கப்படுவதை எதிர்த்து 1977 மே மாதம் தொழிலாளர் திரண்டபோது, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லட்சுமணன் உயிரிழந்தார். அப்போராட்டத்தைக் காணிப் பிரச்சினை என்று மட்டும் எழுதுதல் போதாது. முன்னோர் புதைந்த மண்ணும் அம்மன் நிற்கும் மண்ணும் அதுவே.

இன்று நிலைமை மாறிவருகிறது. 1975இல் அரசுடைமையான தோட்டங்கள் 1992 முதல் தனியார் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. நாடற்றவர் நிலையைத் தீர்க்க 2003இல் சட்டம் நிறைவேறிற்று. கொழும்புக் கடைகளிலும் வளைகுடா நாட்டு வீடுகளிலும் உழைப்போரின் பணத்தில் லயத்துக் கோயில்கள் கோபுரம் பெறுகின்றன. கும்பாபிஷேகத்தோடு ஆகம முறை வருகின்றது. பூசாரியின் இடத்தில் குருக்கள் அமர்கிறார். முனியாண்டியின் பலி நின்று அவர் ஓரத்துக்குப் போகிறார். இதனைச் சீர்திருத்தம் என வரவேற்போர், விலகிச்செல்வது எவருடைய தெய்வம், எவருடைய கைத்தொழில் என்று வினவுவதில்லை. அதேவேளை, தப்பு அடிக்க மறுக்கும் இளைஞனிடம் பாரம்பரியத்தைக் காக்குமாறு உபதேசிப்போரையும் நாம் ஏற்பதற்கில்லை. அவன் மறுப்பது இசையை அன்று. கோயிலின் வெளிப்புறம் எனத் தன் தந்தைக்குக் குறிக்கப்பட்ட இடத்தையே மறுக்கிறான். அவனுக்கும், கம்பம் ஊன்ற ஆள் சேராது கவலையுறும் கூத்தாசிரியருக்கும் இடையே நடக்கும் வாக்குவாதம் திம்புள்ளவின் லயங்களிலே இப்போதும் கேட்கக்கூடியது. அது இன்னும் ஒரு கதையாக எழுதப்படவில்லை.