மிச்சம் யாருக்கு?

காட்பாடியில் ஹவுரா ரயில் வந்து நின்றால் நடைமேடையெங்கும் வங்கமொழி கேட்கும். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் குடும்பங்கள் அவை. மறுபரிசோதனைக்கும் ஒரு நாளைத் தாண்டிய அதே பயணம்தான். கொல்கத்தா வீட்டிலிருந்தே இதயத்தைக் கண்காணித்தால் எவ்வளவு மிச்சமாகும்!

அந்த நகரத்துக்குத் தொலைமருத்துவம் புதிதல்ல. தேவி ஷெட்டியின் முயற்சியில் முகுந்தபூரில் எழுந்த ரவீந்திரநாத் தாகூர் இதய மருத்துவமனை, இஸ்ரோவின் செயற்கைக்கோள் துணையோடு தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்கு ஆலோசனை தந்தது. ஒரு நிபுணரின் நேரம் பல ஊர்களுக்குப் பயன்பட்டதால் செலவு குறைந்தது. அங்கே மறுமுனையில் ஒரு மருத்துவர் இருந்தார். வீட்டுக் கண்காணிப்பிலோ நோயாளியும் அவர் குடும்பமும்தான் இருக்கிறார்கள்.

அவர்களுக்குத் துணையாக மனிதர்கள் இருப்பது எவ்வளவு முக்கியமென்று இரண்டு ஆய்வுகள் காட்டின. 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1,653 இதயச் செயலிழப்பு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் தானியங்கித் தொலைபேசியில் தினமும் எடையையும் அறிகுறிகளையும் சொல்ல வேண்டியிருந்தது. பலர் நாளடைவில் விட்டுவிட்டார்கள். மரணமோ மருத்துவமனையில் மறு அனுமதியோ குறையவில்லை. 2018-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் 1,571 பேரில் ஏறக்குறைய பாதிப்பேரை மருத்துவரும் செவிலியரும் இரவு பகலாகக் கவனித்தார்கள். மற்றவர்களிடம் ஆண்டுக்கு நூற்றுக்கு 11.3 ஆக இருந்த மரணம், இவர்களிடம் 7.9 ஆக இருந்தது. ஆக, பலன் தந்தது எண்களைப் பார்த்தவுடன் செயல்பட்ட மனிதர்களே. அவர்களுக்குச் சம்பளம் தர வேண்டும்.

அந்தச் செலவை யார் ஏற்பது? ஜெர்மனியில் கண்காணிப்புக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் காப்பீடே பணம் தருவதால், தவிர்த்த அனுமதியின் மிச்சம் அதனிடமே திரும்புகிறது. மேற்கு வங்க அரசின் ஸ்வாஸ்த்ய சாதி மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருவது முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. வீட்டுக் கண்காணிப்புக்குக் குடும்பம் செலவழித்தால், மிச்சம் அரசுக்குப் போகிறது. நல்ல முறையும் இப்படித்தான் வசதியுள்ளோருக்கு மட்டுமானதாகிவிடுகிறது.

எல்லா இதயநோயாளிக்கும் இது தேவையில்லை. ஜெர்மானிய ஆய்வு எடுத்துக்கொண்டது, ஓராண்டுக்குள் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் இருந்தவர்களை. இங்கும் அவர்களிடமிருந்தே தொடங்கலாம். கோசாபா தீவிலிருந்து ஆற்றைக் கடந்து, கேனிங்கில் ரயிலேறி கொல்கத்தாவின் சியால்தாவுக்கு வரும் நோயாளிக்கு எடைக்கருவி ஒன்று, ரத்த அழுத்தக் கருவி ஒன்று, அவர் மொழியில் பேசும் செவிலியர் ஒருவர். மூன்றே நாளில் எடை இரண்டு கிலோ கூடினால், உடலில் நீர் சேர்கிறதென்று அந்தச் செவிலியர் அன்றே அழைத்துச் சொல்ல வேண்டும். அந்த அழைப்புக்கான செலவை ஸ்வாஸ்த்ய சாதி ஏற்கட்டும்.