வேர் சமைக்கும் ருசி

கேமரன் மலைத் தேயிலையைப் புகழ்கிறவர்கள் குளிரைப் புகழ்வார்கள், உயரத்தைப் புகழ்வார்கள், காலையில் சரிவை மூடிக் கிடக்கும் பனிமூட்டத்தைப் புகழ்வார்கள். எல்லாம் தகும். ஆனால் தேநீர் நாக்கில் பட்டதும் துவர்ப்புக்கு அடியில் மெல்ல ஊறும் ஓர் இனிமை இருக்கிறதே, அது கொழுந்தில் பிறந்ததல்ல. மண்ணுக்குள், வேரில் பிறந்தது. அதன் பெயர் தியானின். 1949-இல் ஜப்பானில் உயர்ரகப் பச்சைத் தேயிலையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். தேயிலையில் தனித்து நிற்கும் அமினோ அமிலங்களில் பெரும்பங்கு இதுதான்.

அடுப்பு வேரில், பந்தி கொழுந்தில். மண்ணிலிருந்து வேர் அம்மோனியத்தை உறிஞ்சுகிறது. அதைக் குளூட்டமேட்டாக மாற்றி, எத்திலமைன் என்ற சின்ன மூலக்கூறோடு இணைக்கிறது. அப்படி உருவான தியானின் சாறோடு ஏறி, செடி முழுவதையும் கடந்து, உச்சியிலுள்ள இரண்டு இலையும் ஒரு மொட்டும் தேடிப் போய்ச் சேர்கிறது. அங்கே வெயில் காத்திருக்கிறது. வெயில் ஏற ஏற இலை தியானினைச் சிதைத்து, துவர்ப்புக்குக் காரணமான கேட்டச்சின்களுக்கு அதைச் செலவழித்துவிடும். மூட்டம் இருந்தால் இந்தச் செலவு குறையும். பனிமூட்டம் ருசியைத் தருவதாகச் சொல்வது பாதி உண்மைதான். வேர் கொடுத்து அனுப்பியதை வீணாக்காமல் காப்பது மட்டுமே அதன் வேலை.

சரி, வேர் தனியாகவா இதைச் செய்கிறது? 2024-இல் சீனாவின் ஃபூஜியானைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கரண்ட் பயாலஜி இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான பதில் தந்தது. தியானின் அதிகமுள்ள ரௌகுய் என்ற ரகத்தையும், குறைவாக உள்ள இன்னொரு ரகத்தையும் எடுத்துக்கொண்டு, இரண்டின் வேர்களிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்களை ஒப்பிட்டார்கள். கூட்டம் வேறு வேறாக இருந்தது. ரௌகுய் வேரிலிருந்து 21 பாக்டீரியாக்களைப் பிரித்து, ஒரு கூட்டாக வளர்த்து, மற்றச் செடிகளின் வேருக்கு ஊட்டினார்கள். தியானின் கூடியது. மண்ணில் நைட்ரஜன் குறைவாக இருந்தபோது பலன் இன்னும் நன்றாகத் தெரிந்தது. தேயிலைக்குச் சம்பந்தமே இல்லாத அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடிக்குக்கூட இந்தக் கூட்டு நைட்ரஜன் பஞ்சத்தைத் தாங்கும் வலுவைக் கொடுத்தது.

என்னை நிறுத்தி வைத்தது அந்த 21 என்ற எண். ஒரே ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்து 'இதுதான் ருசியின் ரகசியம்' என்று அறிவித்திருந்தால் செய்தி எளிதாகப் பரவியிருக்கும். உண்மை அப்படி இல்லை. அது ஒரு கூட்டு வேலை.   உரமூட்டை உரமூட்டையாக நைட்ரஜனைக் கொட்டித் தோட்டம் நடத்தும் இந்தக் காலத்தில், குறைந்த உரத்தில் நல்ல ருசிக்கு ஒரு வழி வேரடியிலேயே இருக்கிறது என்பது சிறிய சேதியல்ல.

தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் சிதைந்து உண்டான மண் கேமரன் மலையுடையது. தேயிலை விரும்பும் அமிலத்தன்மை இயல்பாகவே உள்ள மண். 1885-இல் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தை அளந்துவிட்டுப் போனார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். காட்டை அழித்து, செங்குத்தான சரிவில் நிரை பிடித்துச் செடி வைத்த கைகளில் நம்மவர் கைகள் எத்தனையோ. அந்தக் கைகள் நட்ட ஒவ்வொரு செடியின் வேரையும் சுற்றி, ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையில், இந்த நுண்ணுயிர்க் குடியிருப்புகள் வளர்ந்து வந்திருக்கின்றன.

மழை விட்டதும் தோட்டத்தில் எழும் மண்வாசனைக்கும் முகவரி உண்டு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக்கள் சுரக்கும் ஜியோஸ்மின்தான் அந்த வாசனை. 1965-இல் அதைப் பிரித்துப் பெயரிட்டார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். இவ்வளவு கூரான வாசனையை ஒரு பாக்டீரியா எதற்காகத் தயாரிக்க வேண்டும்? விடை 2020-இல்தான் கிடைத்தது. மண்ணில் தத்தித் திரியும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவான ஸ்பிரிங்டெய்ல் என்ற சிற்றுயிர்களைக் கூப்பிடத்தான். அவை வாசனை பிடித்து வரும். பாக்டீரியாவைத் தின்னும். அதன் வித்துகளை உடம்பில் ஒட்டிக்கொண்டும் கழிவோடு சேர்த்தும் வேறிடத்துக்குக் கொண்டுபோகும். இதில் நான் ரசிப்பது வேளை பார்த்துச் செய்யும் அந்த நிதானம். வித்து உண்டாகும் பருவத்தில்தான் பாக்டீரியா ஜியோஸ்மின் தயாரிக்கும் மரபணுக்களை இயக்குகிறது. சரக்கு தயாரான பிறகே அழைப்பு போகிறது.

இதே ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்பத்துக்கு மலாயாத் தோட்ட மக்கள் ஒரு நன்றி சொல்ல வேண்டும். லாலான் புல்லிலும் புதர்க்காட்டிலும் இருக்கும் சிலந்திப்பேன் இளம்பூச்சி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல், அன்றைய தோட்டங்களில் உயிரைக் குடித்த நோய். 1947-இல் வெனிசுவேலா மண்ணிலிருந்து கிடைத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ், குளோராம்பெனிக்கால் என்ற மருந்தைத் தந்தது. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தோடு சேர்ந்து உண்ணிக் காய்ச்சல் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் விரைவாக இறங்கியது. அங்கேயே இன்னொன்றும் தெரியவந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்துச் சேர்த்தவர்களில் சிலருக்கு இருந்தது டைபாய்டு. அவர்களும் குணமானார்கள். டைபாய்டை வெல்லும் முதல் மருந்து உலகத்துக்குக் கிடைத்தது இப்படித்தான், நம் கோலாலம்பூரில்.

இனி இலைக்கு வருவோம். நுண்ணுயிரைப் பாராட்டுகிறவன் எதிரியையும் பார்க்கத்தான் வேண்டும். தேயிலையின் பெரிய எதிரி கொப்புள நோய். எக்ஸோபசீடியம் வெக்ஸன்ஸ் என்ற பூஞ்சை அதற்குக் காரணம். அஸ்ஸாமில் 1868-இல் முதலில் கண்ணில் பட்டது. 1898-இல் கியூ தோட்டத்தின் ஜார்ஜ் மாஸி அதற்குப் பெயர் சூட்டினார். இந்தியாவுக்குள் பல பத்தாண்டுகள் வடகிழக்கிலேயே கிடந்துவிட்டு, 1946-இல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே வீச்சில் வந்தது. பிறகு சில ஆண்டுகளில் கடல் தாண்டித் தென்கிழக்காசியாவின் தேயிலை மலைகளையும் பிடித்தது.

அதன் கைவரிசையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். காற்றில் வரும் வித்து ஈரமான இளந்தளிரில் இறங்குகிறது. முற்றிய இலையை அது தொடுவதில்லை. தளிரின் பரப்பில் பிடிமானம் போட்டு, தோலைத் துளைத்து உள்ளே போகிறது. பல நாட்களுக்கு வெளியே எதுவும் தெரியாது. பிறகு வெளிறிய ஒரு புள்ளி. இலையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அந்த இடம் மட்டும் ஒளி ஊடுருவும் வட்டமாகத் தெரியும். வட்டம் பெரிதாகும். இலையின் மேற்பக்கம் பளபளப்பாகக் குழிந்து போகும், அடிப்பக்கம் புடைக்கும். இலையைத் திருப்பிப் பார்த்தால், புடைத்த இடத்தில் மெத்தென்ற ஒரு வெண்மை. பூஞ்சை இலையின் கீழ்த்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, வித்துகளைப் பரப்பி வைத்திருக்கும் இடம் அது. வித்தெல்லாம் பறந்த பிறகே அந்த இடம் பழுப்பேறிக் காய்ந்து, சில வேளை ஓட்டையாகும். வித்து இறங்கியதிலிருந்து அடுத்த வித்து கிளம்புவது வரை, தட்பவெப்பத்தைப் பொறுத்து 11 முதல் 28 நாட்கள்.

இதில் உள்ள நுட்பத்தைப் பாருங்கள். வித்து முதிரும் வரை பூஞ்சை இலையைச் சாகவிடுவதில்லை. உயிருள்ள திசுவில்தான் அதற்குச் சாப்பாடு. தேயிலையைத் தவிர வேறு செடியில் வாழவும் அதற்குத் தெரியாது. வெயில் பட்டால் வித்து மடிந்துவிடும், ஆகவே மூட்டமும் ஈரமும் உள்ள வேளைதான் அதற்கு நல்ல வேளை. தியானினைக் காக்கும் அதே மூட்டம் இந்தப் பூஞ்சையையும் காக்கிறது. கேமரன் மலையில் தேயிலை வளர்ப்பதன் கஷ்டமும் பெருமையும் இந்த ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன.

தோட்டத்து ஆட்கள் இதைப் புத்தகம் இல்லாமலே அறிவார்கள். கவ்வாத்து வெட்டிய காட்டில்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். வெட்டிய செடி தளிர்க்கும்போது எல்லாமே இளசு, பூஞ்சைக்கு அது திறந்த வாசல். கொழுந்து எடுக்கும் சுற்று தள்ளிப்போனால் கொப்புளம் முற்றிவிடும். சுற்று நெருங்கினால், வித்து கிளம்பும் முன்பே இலை கூடைக்குப் போய்விடும். பெரட்டுக்கு நின்று, பனியில் நனைந்த நிரைக்குள் இறங்கி, கையாலோ கத்திரியாலோ மட்டம் பிசகாமல் எடுத்த பெண்கள், கூலிக்கணக்கில் வராத ஒரு வைத்தியத்தையும் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நிரையில் இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். வைத்தியம் அதேதான்.

செம்பு கலந்த மருந்தைத் தெளிப்பது நீண்டகால வழக்கம். பலன் உண்டு. ஆனால் செம்பு மண்ணில் தங்கும், வேரடிக் குடியிருப்புக்கு அது நல்லதல்ல. கீழே உள்ள நண்பர்களைக் கெடுத்து மேலே உள்ள எதிரியை விரட்டுவது எனக்கு நல்ல கணக்காகத் தோன்றவில்லை. அதனால்தான் 2013-இல் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட வேலையை மதிக்கிறேன். அவர்கள் மருந்தைத் தேயிலையின் இலைப்பரப்பிலேயே தேடினார்கள். அங்கே வாழும் ஒக்ரோபாக்ட்ரம் என்ற பாக்டீரியா ஒன்று கொப்புளப் பூஞ்சையை அடக்குவதைக் காட்டினார்கள். வித்து வந்து இறங்கும் அந்த ஈரப்பரப்பு காலி மனையல்ல, அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

ஆலைக்குள் நுண்ணுயிருக்கு வேலை இல்லை. உருட்டிய இலை செம்பு நிறமாக மாறுவது இலையின் சொந்த நொதியும் காற்றும் செய்யும் வேலை. அந்தத் தரையில் பாக்டீரியா பெருகினால் வாடை வந்துவிடும் என்பதால் கழுவித் துடைத்தபடியே இருப்பார்கள். ஆனால் கோப்பையைக் காலி செய்த பிறகு நுண்ணுயிர் மறுபடி வருகிறது. தேநீரின் நிறத்தில் பங்குள்ள தியாஃபிளேவின்கள் பெரிய மூலக்கூறுகள். சிறுகுடல் அவற்றில் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சும். மிச்சமெல்லாம் பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பாக்டீரியாக்கள் உடைத்துச் சிறுசிறு பீனால்களாக்கி இரத்தத்துக்கு விடுகின்றன. குடலில் குடியிருக்கும் கூட்டம் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே தேக்கரண்டித் தேயிலையைப் பகிர்ந்து குடிக்கும் இருவர் உடம்பில் சேர்வது ஒரே பொருள் அல்ல.

மலேசியப் பல்கலைக்கழகங்களில் நுண்ணுயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்குத் தலைப்பு தேடும்போது கேமரன் மலையை நினையுங்கள். ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை உள்ள தோட்டங்களில் தொடக்க கால நடவில் மிஞ்சிய முதிய செடிகளும் உண்டு, புதிய நடவும் உண்டு. செம்பு விழுந்த காடும் விழாத காடும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கலாம். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, இரண்டின் வேரடி மண்ணையும் எடுத்து, எந்தக் கூட்டம் எங்கே இருக்கிறது என்று கணக்கெடுங்கள். போகும்போது அங்கே கொழுந்தெடுத்த பாட்டி ஒருவரைத் தேடிப் பிடித்து, எந்தச் சரிவில் கொப்புளம் முதலில் வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்க வேண்டிய இடம் அவருக்குத் தெரியும்.