மண்வெட்டிக்கு எதிரே நிற்கும் கால்: உலோகமில்லாத பூட்ஸ், வயலில் ஒரு சோதனை

மேல்நாட்டில் மெட்டல் டிடெக்டரோடு அலைகிறவர்கள் நீளக் காம்பு வைத்த மண்வாரியைக் காலால் மிதித்துத் தோண்டுவார்கள். அதனால் அவர்கள் எழுதும் பூட்ஸ் அறிவுரைகள் உள்ளங்காலையே சுற்றி வரும். நாம் தோண்டுவது மண்வெட்டியால். ஓங்கிப் போட்டு நம் பக்கம் இழுக்கிறோம்; கை தவறினால் இலை வந்து விழும் இடம் கட்டைவிரல். ஆகவே தஞ்சாவூர்ப் பக்கத்து வயலுக்கு பூட்ஸ் எடுப்பவர் முதலில் நுனியைத்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.

என் தேவை சிறியது. நடவிலோ களையெடுப்பிலோ தவறிய தோடு, மோதிரம் இவற்றைத் தேடித் தரச் சொல்லி நிலத்துக்காரர்கள் கூப்பிடுவார்கள். சம்பா அறுத்து, உளுந்தும் பறித்த பிறகு சித்திரையில் வயல் காலியாக, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தேடுவதற்கு அதுதான் காலம். காலுக்குத்தான் கெட்ட காலம்: ஈட்டியாய் நிற்கும் அரிதாள், வரப்போரத்துச் சீமைக்கருவேல முள், வெடிப்புக்குள் எது படுத்திருக்கிறதென்று தெரியாத பயம்.

டிடெக்டரின் காயில், அதாவது கம்பிச்சுருள், மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் எதிர்ப்பட்டால் அதில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அது உண்டாக்கும் எதிர்ப்புலத்தைக் கருவி உணர்ந்து கத்துகிறது. உலோகம் மண்ணில் கிடக்கிறதா, காலில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. பாதுகாப்பு ஷூவின் நுனியில் இருக்கும் எஃகுத் தொப்பி ஒரு காசைவிடப் பல மடங்கு பெரியது. வீச்சு கால் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு பொய்க்குரல் கேட்கும். அதைத் தவிர்க்கக் கையை எட்டி நீட்டி வீசினால் சாயங்காலம் தோள் சொல்லும்.

பார்த்தவை மூன்று வகை: கம்போசிட் (நார் கலந்த பிளாஸ்டிக்) தொப்பி வைத்த தோல் ஷூ, சாதாரண பிவிசி கம்பூட், கணுக்காலுக்கு மேல் ஏறும் கேன்வாஸ் பூட்ஸ்.

கடைக்காரர்கள் காந்தத்தை ஒட்டிக் காட்டி "மெட்டலே இல்லை சார்" என்பார்கள். நம்ப வேண்டாம். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, பித்தளை ஒட்டாது, துருப்பிடிக்காத எஃகிலும் பல ரகம் ஒட்டாது. "ஸ்டீல் இல்லாத தொப்பி" என்று விற்பது சில நேரம் அலுமினியக் கலவைதான். கயிறு கோக்கும் கண்கள், கொக்கிகள், ஜிப்பை இழுக்கும் தலை, எல்லாமே உலோகமாக இருக்கலாம். சரியான சோதனை சொந்தக் கருவிதான். வீட்டுத் தளத்தில் வைத்துச் சோதிக்கக் கூடாது. காங்கிரீட்டுக்குள் கம்பி ஓடுகிறது. தோட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காயிலை வைத்து, எந்த உலோகத்தையும் ஒதுக்காத முறைக்கு மாற்றி, பூட்ஸை அதன்மேல் இப்படியும் அப்படியும் அசைக்க வேண்டும். சும்மா வைத்தால் பல கருவிகள் வாய் திறக்காது. பூட்ஸ் தேறிய பிறகும் கருவி கத்தினால் காலைப் பாருங்கள். வெள்ளி மெட்டியும் கொலுசும் அருமையான சிக்னல் தரும்.

கேன்வாஸ் முதலிலேயே தோற்றது. காற்றோட்டம் நன்றாக இருக்கிறது, எடை இல்லை, ஆனால் கண்கள் முழுக்க உலோகம். அவற்றைப் பிடுங்கிவிட்டுத் துணியில் நேராகக் கயிறு கோத்தால் துளை கிழிகிறது. நுனியிலும் பாதுகாப்பு இல்லை.

கம்பூட்டுக்குச் சில நூறு ரூபாய்தான். எஃகுத் தொப்பி இல்லாத வகையாகப் பார்த்து எடுத்தால் காயில் மௌனம். தண்ணீர் நிற்கும் வாய்க்காலுக்கும் எலிக்காய்ச்சல் பயமுள்ள சேற்றுக்கும் இதைவிட நல்லது இல்லை. கெண்டைக்கால்வரை மறைப்பதால் விரியன் பயமும் கொஞ்சம் குறையும். ஆனால் வண்டல் களிமண் அதைக் கவ்விக்கொள்கிறது. கால் வெளியே வருகிறது, பூட்ஸ் வருவதில்லை. சித்திரை வெயிலில் அதைப் போட்டு நடப்பது இட்லிப் பானைக்குள் காலை விட்டது போல.

மிஞ்சியது கம்போசிட் தொப்பி ஷூ. இந்திய தரநிலை ஐஎஸ் 15298 இரண்டாம் பகுதிப்படி பாதுகாப்பு ஷூவின் நுனி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். அது எஃகாக இருந்தாலும் சரி, நார் கலந்த பிளாஸ்டிக்காக இருந்தாலும் சரி. மண்வெட்டி இதற்கு எம்மாத்திரம். ஆனால் அதே அடியைத் தாங்க பிளாஸ்டிக் தடிமனாக இருக்க வேண்டியிருப்பதால் நுனி பெருத்திருக்கும், விரல்களுக்கு இடம் குறையும். கனமான காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒருமுறை பலத்த அடி பட்டால் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். அப்புறம் அதை நம்பக் கூடாது.

முள் விஷயத்தில் விளம்பரம் கொஞ்சம் கூடுதல். எஃகுத் தகட்டுக்குப் பதில் வைக்கும் அராமிட் துணியைத் தடித்த ஆணியால் குத்தித்தான் பெரும்பாலும் சோதிக்கிறார்கள். ஐரோப்பியத் தரநிலையின் 2022 பதிப்பில் 4.5 மில்லிமீட்டர் ஆணிக்கு ஒரு குறியும் 3 மில்லிமீட்டர் ஆணிக்கு வேறு குறியும் உண்டு. கருவேல முள்ளின் நுனி இரண்டையும்விட மெல்லியது. நெசவின் இடுக்கில் நுழைந்துவிடும். துணியோடு கெட்டியான ரப்பர் அடியும் இருந்தால்தான் நிம்மதி. பாலியூரிதேன் அடியை நான் எடுக்க மாட்டேன். ஈரக்காற்றில் அந்தப் பொருள் தானாகவே சிதையும். அலமாரியில் சும்மா வைத்திருந்த ஷூகூட ஒருநாள் பொலபொலவென்று உதிரும்.

இந்த மண்ணில் எதை எடுக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குத் தோண்டியபோது ஐம்பொன் சிலைகளும் தேவாரம் பொறித்த செப்பேடுகளும் வந்தன. டெல்டா மண் அப்படிப்பட்டது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பழம்பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. கோயில் வளாகம், பழைய மேடு, பாதுகாக்கப்பட்ட சின்னம் பக்கம் கருவியோடு போகவே வேண்டாம். தரங்கம்பாடிக் கரையில் டேனிஷ் காலத்துக் காசு ஒதுங்கும் என்று கேட்டு ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

தோல் ஷூவை நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் மடிப்பில் வெடிக்கும். அடி பிரிந்தால்தான் பெரிய சோதனை. பழுது பார்க்கிறவர் கை தானாக ஆணி டப்பாவுக்குப் போகும்.

"ஆணி வேண்டாம்ணே, தையல் மட்டும் போடுங்க."

"ஆணி இல்லாம எப்படித் தம்பி தாங்கும்?"

கடைசியில் பசை தடவி, நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். ஆணிக் கூலியைப் போல இரண்டு மடங்கு கேட்டார். கொடுக்கலாம், ஆணி அடித்திருந்தால் ஷூவையே மாற்ற வேண்டியிருக்கும்.