ஏடும் செவியும்

கோபாலகிருஷ்ண பாரதியார் அரசவை எதனையும் சாராது, தாமே இயற்றித் தாமே பாடிவந்தவர். அவரது நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நெடுநாள் தயங்கினார். சொற்குற்றங்கள் உள என்பதே காரணம். ஒருநாள் பாரதியார் பாடக்கேட்டு மனமுருகிப் பாயிரம் ஈந்தார் என்பர். குற்றங்கள் நீங்கவில்லை, கேட்ட செவியே தீர்ப்பை மாற்றிற்று.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கூத்துக்களரியில் விடியுமளவும் இருந்தோர்க்கு இது வியப்பன்று. ஏட்டிற் கொச்சையாகத் தோன்றுஞ் சொல் மத்தள ஒலியோடு கூடுமிடத்துத் தனக்குரிய இடம் பெறும். அதனைத் திருத்தப் புகும் நம் புலவர் சற்றே பொறுக்க.

பெரியபுராணத்தில் இல்லாத வேதியரைப் பாரதியாரே படைத்தார். நந்தனார் ஏக்கம் கூர்மையுறுவது அத்தடையினாலன்றோ! அவ்வேதியர் பேச்சைச் செந்தமிழாக்கின் அதட்டல் எங்கே நிற்கும்?